மோசமான அவே கிரவுண்டுக்கு டிக்கெட் போட்டாச்சா? அப்ப இதைப் படிச்சுட்டு கிளம்புங்க

இங்கிலாந்து ஃபுட்பால்ல மோசமான அவே கிரவுண்ட், அதாவது நம்ம டீம் போய் ஆடுற எதிரணி மைதானம், எதுன்னு பேச்சு வந்தாலே எல்லாரும் முதல்ல லண்டன் கிளப் மில்வால்னு ஆரம்பிச்சுடுவாங்க. பேரைக் கேட்டாலே பயம், அதனால அதுதான் மோசம்னு ஒரு கணக்கு. எனக்கு அந்தக் கணக்குல உடன்பாடு இல்ல. ஹோம் ஃபேன்ஸ் தொண்டை கிழியக் கத்துறாங்க, திட்டுறாங்க, அதெல்லாம் அவே மேட்ச்ல பாதி சுகமே. கிரவுண்ட் மோசம்னு நான் சொல்றது மூணு விஷயத்துக்குத்தான்: உங்க சீட்ல இருந்து பிட்ச் (ஆடுற புல்தரை) தெரியுதா, தலைக்கு மேல கூரை இருக்கா, மேட்ச் முடிஞ்சு வீடு போய்ச் சேர வழி இருக்கா. இந்த மூணும் ஏன் கெட்டுப்போகுதுன்னா அவே ஃபேன் அடுத்த வாரமும் வந்து உக்காரப்போற ஆளு இல்ல, வருஷத்துக்கு ஒரு தடவை வருவாரு, கோச்சுக்கிட்டு வரலைன்னாலும் அடுத்த டீம் ஃபேன்ஸ் வரத்தான் போறாங்க, அதனால கிளப்புல மிச்சம் மீதி எந்த மூலை இருக்கோ அதுதான் அவே எண்ட், அதாவது எதிரணி ஃபேன்ஸுக்கு ஒதுக்கற பகுதி.

சரி, போறதுன்னு முடிவாயிடுச்சு, எப்படி சமாளிக்கறதுன்னு பாப்போம்.

டிக்கெட் வாங்கறதுக்கு முன்னாடி

பிரீமியர் லீக்ல ரெண்டு ரூல் உங்களுக்கு சாதகமா இருக்கு. ஒன்னு, அவே டிக்கெட்டுக்கு 30 பவுண்டுக்கு மேல வாங்கக்கூடாது, 2016-17 சீசன்ல கொண்டுவந்தாங்க, ஃபேன்ஸ் ரொம்ப நாளா சண்டை போட்டு வாங்கினது. இன்னொன்னு, அவே ஃபேன்ஸுக்கு 3,000 சீட் ஒதுக்கணும், கிரவுண்டே சின்னதா இருந்தா மொத்தத்துல 10 சதவீதம். இந்த ரெண்டாவது ரூல்லதான் தலைவலியே. போர்ன்மத் கிரவுண்ட் மொத்தமே 11,307 சீட்தான், அதுல பத்து சதவீதம்னா எவ்வளவு வரும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. பெரிய கிளப் ஃபேனா இருந்தீங்கன்னா மேட்சுக்குப் போகப் போக சேர்ற லாயல்டி பாயிண்ட்ஸை நிறைய வெச்சிருக்கற ஆளுங்களுக்கே அங்க டிக்கெட் கிடைக்கிறது கஷ்டம். புதுசா பாயிண்ட்ஸ் சேக்கறவங்க, யாருமே போக ஆசைப்படாத தூரமான கிரவுண்ட், செவ்வாய்க்கிழமை ராத்திரி கப் மேட்ச், இந்த மாதிரி இடத்துல ஆரம்பிக்கறதுதான் வழி. அதாவது மோசமான கிரவுண்ட்ஸ்தான் உங்களுக்கு முதல் படி.

இன்னொரு தப்பு வழி இருக்கு, ஹோம் எண்ட்ல டிக்கெட் வாங்கி அமைதியா உக்காந்துக்கலாம்னு. உங்க டீம் கோல் போடுறப்போ முகத்தை அசைக்காம உக்கார முடியுமா உங்களால? முடியாது. ஸ்டூவர்ட், அதாவது கிரவுண்ட்ல கூட்டத்தைப் பாத்துக்கற ஆளு, வந்து வெளிய கூட்டிட்டுப் போவாரு, சில கிரவுண்ட்ல ஸ்டூவர்ட் வர்றதுக்கு முன்னாடி பக்கத்து சீட்காரர் வருவாரு. பிளாக்ல வாங்கறதும் வேண்டாம், கிளப் அனுமதி இல்லாம ஃபுட்பால் டிக்கெட்டை மறுபடி விக்கறது 1994ல இருந்து அங்க சட்டப்படி குற்றம், கான்சர்ட் டிக்கெட் மாதிரி நெனச்சுடாதீங்க.

பிரீமியர் லீக்குக்குக் கீழ இருக்கற லீக்ல இந்த 30 பவுண்ட் உச்சவரம்பு கிடையாது. அதனால சில நாள் மேல இருக்கற பெரிய ஸ்டேடியத்துக்குக் குடுக்கறதை விட அதிகமாக் குடுத்து ஒரு தூணுக்குப் பின்னாடி நிக்கற நெலமை வரும். சிரிப்புதான் வரும், என்ன பண்றது.

தூணும் கூரையும்

டிக்கெட்ல ரெஸ்ட்ரிக்டட் வியூன்னு (பிட்ச் முழுசாத் தெரியாது) போட்டிருந்தா அதை சாதாரணமா எடுத்துக்காதீங்க, அதே சமயம் அது போடலைன்னா நல்லா தெரியும்னும் நம்பிடாதீங்க. பழைய ஸ்டாண்ட்ஸ்ல கூரையைத் தாங்க நடுவுல இரும்புத் தூண் நிக்கும், அது கோல் போஸ்டை மறைக்குதா இல்ல கார்னர் கொடியை மறைக்குதாங்கறது உங்க சீட் நம்பரைப் பொறுத்தது.

கிரிஸ்டல் பேலஸோட செல்ஹர்ஸ்ட் பார்க் இதுக்கு நல்ல உதாரணம். ஆர்தர் வெயிட் ஸ்டாண்ட், 1969ல தொறந்தது, அதோட ஒரு மூலைதான் அவே எண்ட். ஸ்டாண்ட் ஆழமா பின்னாடி போகும், கூரை தாழ்வா இருக்கும், பின் வரிசைல நின்னா பிட்சை லெட்டர்பாக்ஸ் வாய் வழியா எட்டிப் பாக்கற மாதிரி இருக்கும். கோல்கீப்பர் உயரமா ஒரு கிக் அடிச்சாரு, பந்து கூரைக்கு மேல மறைஞ்சுடும், எங்க வந்து இறங்கப்போகுதுன்னு பிளேயர்ஸ் ஓடுற திசையை வெச்சுத்தான் கண்டுபிடிக்கணும். இதுல கோலுக்குப் பின்னாடி இருக்கற ஹோம்ஸ்டேல் எண்ட்ல டிரம் அடிச்சுக்கிட்டே இருப்பாங்க, மேட்ச் முழுக்க. ஆனா பாருங்க, அந்த தாழ்வான கூரையாலதான் நம்ம சத்தமும் வெளிய போகாம உள்ளயே சுத்தும், ஐநூறு பேரு பாடுனா ஐயாயிரம் பேரு மாதிரி கேக்கும். அதனால செல்ஹர்ஸ்டை நான் திட்டுவேன், ஆனா போகாம இருக்கமாட்டேன். டிக்கெட் வாங்கறப்போ சாய்ஸ் இருந்தா முன்னாடி பாதி வரிசை எடுங்க. அண்டர்கிரவுண்ட் ட்ரெயின் அங்க போகாது, நார்வுட் ஜங்ஷன், செல்ஹர்ஸ்ட், தார்ன்டன் ஹீத் மூணுல எதாவது ஒன்னுல இறங்கி நடக்கணும்.

எவர்ட்டனோட குடிசன் பார்க்கும் இதே ரகம்தான், 1892ல தொறந்த கிரவுண்ட், மரச் சீட்டு, தூணு, புல்லன்ஸ் ரோட் ஸ்டாண்ட்ல அவே ஃபேன்ஸ். எவர்ட்டன் மென்ஸ் டீம் 2025 மே 18ல சவுத்ஹாம்ப்டனோட ஆடிட்டு அங்க இருந்து கிளம்பிட்டாங்க, இப்ப அது எவர்ட்டன் விமென்ஸ் டீமோட வீடு. மென்ஸ் டீம் ஆத்தங்கரையில கட்டுன புது ஸ்டேடியத்துக்குப் போயாச்சு, அங்க தூணே கிடையாது. குடிசன்ல முட்டி இடிச்சுக்கிட்டு நின்னு புலம்புன ஆளுங்களே இப்ப அதை நெனச்சு உருகுறாங்க, ஃபுட்பால் ஃபேன் புத்தி அப்படித்தான்.

இன்னொன்னு சொல்லிடறேன், அவே எண்ட்ல யாரும் உக்கார மாட்டாங்க. 1989 ஹில்ஸ்பரோ ஸ்டேடியத்துல நடந்த நெரிசல் துயரத்துல 97 பேரு செத்ததுக்கு அப்புறம் மேல் ரெண்டு டிவிஷன்லயும் எல்லாம் சீட்டுன்னு ஆக்கிட்டாங்க, 2022 ஜனவரில ஆரம்பிச்சு தடுப்புக் கம்பி வெச்ச சேஃப் ஸ்டாண்டிங் பகுதிகளுக்கு மட்டும் அனுமதி குடுத்தாங்க. ஆனா அவே எண்ட்ல சட்டம் என்ன சொன்னாலும் முழு மேட்சும் நின்னுதான் பாப்பாங்க. சின்னப் பசங்களைக் கூட்டிட்டுப் போறீங்கன்னா, இல்ல வயசானவங்க வர்றாங்கன்னா, டிக்கெட் ஆபீஸ்ல பேசி முன் வரிசையோ ஓரமோ கேட்டு வாங்கிடுங்க.

நியூகாசில், படிக்கட்டு மட்டும் தனியா ஒரு மேட்ச்

செயின்ட் ஜேம்ஸ் பார்க் ஊருக்கு நட்ட நடுவுல இருக்கு, சென்ட்ரல் ஸ்டேஷன்ல இருந்து கால் மணி நேர நடை, சுத்தி பப், ஊர் ஜனங்க நல்லாப் பேசுவாங்க. எல்லாம் சரி, டர்ன்ஸ்டைல் (சுழல் கேட்) தாண்டினதும்தான் கதை. அவே எண்ட் லெவல் 7ல, ஸ்டாண்டோட உச்சி மூலையில. 14 அடுக்கு படிக்கட்டு ஏறணும். ஏறிக்கிட்டே இருப்பீங்க, திரும்பினா இன்னொரு அடுக்கு, முதல் நாலு வரைக்கும் பாட்டு சத்தம் கேக்கும், அப்புறம் மூச்சு சத்தம் மட்டும்தான், யாரோ ஒருத்தர் சுவத்துல சாஞ்சு நின்னு நீங்க போங்கன்னு கையைக் காட்டுவாரு. மேல போய்ச் சேந்தா பிளேயர்ஸ் எறும்பு சைஸ்ல தெரிவாங்க. எந்த டிஃபெண்டர் எங்க நிக்கறாரு, எங்க இடைவெளி இருக்குங்கறது மட்டும் மேல இருந்து அருமையாத் தெரியும், யார் கோல் போட்டாங்கன்னுதான் தெரியாது.

இதுக்கு என்ன பண்ணணும்னா, கிக் ஆஃபுக்கு அரை மணி நேரம் முன்னாடியே உள்ள போயிடுங்க. பப்ல கடைசி நிமிஷம் வரைக்கும் குடிச்சுட்டு அந்தப் படி ஏறுறது ஒரு தண்டனை. முட்டி வலி, மூச்சு பிரச்சனை உள்ளவங்களுக்கு லிஃப்ட் இருக்கு, வெக்கப்படாம ஸ்டூவர்ட்கிட்ட கேளுங்க. குளிர்காலத்துல அந்த உயரத்துல காத்து ஜாக்கெட்டைக் கிழிக்கும், உள்ள ஒரு லேயர் கூடப் போட்டுக்கோங்க. முக்கியமா, லண்டன்ல இருந்து போறவங்க ராத்திரி 8 மணி மேட்ச்னா அன்னிக்கே ட்ரெயின்ல திரும்பலாம்னு கனவு காணாதீங்க, மேட்ச் முடியறப்போ லண்டனுக்குக் கடைசி ட்ரெயின் போயிருக்கும். ரூம் போடுங்க, இல்லைன்னா கிளப் ஏற்பாடு பண்ற கோச் பஸ்ல போங்க.

கூரையே இல்லாத இடம்

கில்லிங்கமோட பிரீஸ்ட்ஃபீல்ட். 2003ல தற்காலிகம்னு சொல்லி சாரம் கட்டி ஒரு ஸ்டாண்ட் போட்டாங்க, மேல கூரை கிடையாது. தற்காலிகம் எத்தனை வருஷம் நீளும்னு அந்த ஊர்ல போய்ப் பாத்துத் தெரிஞ்சுக்கலாம். மழை பெஞ்சா நனைவீங்க, பெய்யலைன்னா காத்து. குடை கொண்டு போலாம்னு நெனைக்காதீங்க, நிறைய கிரவுண்ட்ல கேட்லயே வாங்கி வெச்சுடுவாங்க, உள்ள விட்டாலும் பின்னாடி நிக்கறவர் சும்மா இருக்கமாட்டாரு. மடிச்சு பாக்கெட்ல வெச்சுக்கற மழைக்கோட்டு எடுத்துட்டுப் போங்க. இரும்புத் தளத்துல ரெண்டு மணி நேரம் நின்னா குளிர் கீழ இருந்துதான் ஏறும், அதனால தடி சாக்ஸ் ரெண்டு ஜோடி, மெல்லிசு ஸ்னீக்கர்ஸ் வேண்டவே வேண்டாம். போனை ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு வைங்க, டிக்கெட்டே போன்லதான் இருக்கு.

இதை விட மோசம் ஒன்னு இருந்துச்சு, பிரைட்டனோட வித்டீன். 1997ல அவங்க சொந்த கிரவுண்ட் கையை விட்டுப் போச்சு, ரெண்டு வருஷம் அதே கில்லிங்கம் கிரவுண்ட்லதான் ஹோம் மேட்ச் ஆடினாங்க, அப்புறம் 1999ல இருந்து 2011 வரைக்கும் வித்டீன்ங்கற அத்லெடிக்ஸ் மைதானம். அவே ஃபேன்ஸுக்குக் கூரையில்லாத தற்காலிக ஸ்டாண்ட், நடுவுல ஓட்டப்பந்தய டிராக், அந்தப் பக்கம் எங்கயோ பிட்ச். போர்ட்ஸ்மத்தோட ஃப்ராட்டன் பார்க்லயும் மில்டன் எண்டுக்கு 2007 வரைக்கும் கூரை கிடையாது, அதுவும் பிரீமியர் லீக்ல ஆடிக்கிட்டு இருந்தப்போ. இப்ப போற ஆளுங்களுக்கு அந்தக் கொடுமை இல்ல.

கூரை இருக்கறதால மட்டும் நனைய மாட்டோம்னும் இல்ல. 2024 மே 12ல ஓல்ட் டிராஃபோர்ட்ல ஆர்சனல் மேட்ச் முடிஞ்சப்போ மழை பெஞ்சு கூரையோட மூலையில இருந்து அருவி மாதிரி தண்ணி கொட்டின வீடியோ எல்லாரும் பாத்திருப்பீங்க. கிரிம்ஸ்பில வேற மாதிரி. கிளப் பேரு கிரிம்ஸ்பி, கிரவுண்ட் இருக்கறது பக்கத்து ஊர் கிளீதார்ப்ஸ்ல, ஹம்பர் ஆறு கடல்ல கலக்கற வாய்க்குப் பக்கத்துல, அவே ஃபேன்ஸ் நிக்கற ஆஸ்மண்ட் ஸ்டாண்ட்ல கூரை இருக்கு, தூணும் இருக்கு, ஆனா அந்தக் காத்துக்குக் கூரை ஒரு பொருட்டே இல்ல. மீனும் சிப்ஸும் மட்டும் அந்த ஊர் மாதிரி வேற எங்கயும் கிடைக்காது, அதுக்காக சீக்கிரம் போங்க.

லூட்டன், வீட்டு வாசல் வழியா

கெனில்வொர்த் ரோடை மோசமான கிரவுண்ட் லிஸ்ட்ல எல்லாரும் போடுவாங்க, நானும் போடுவேன், ஆனா ஒரு தடவையாவது போகச் சொல்லுவேன். ஓக் ரோட்னு ஒரு சாதாரணத் தெரு, வரிசையா ஒட்டி ஒட்டி வீடு, அந்த வீட்டு வரிசைக்கு நடுவுல ஒரு திறப்பு, அதுதான் அவே எண்டோட டர்ன்ஸ்டைல். உள்ள நுழைஞ்சு இரும்புப் படி ஏறினா ரெண்டு பக்கமும் பொதுஜனங்களோட பின்கட்டு, துணி காயுது, குழந்தை சைக்கிள் கிடக்குது, அதுக்கு மேல நடந்து போய் ஸ்டாண்டுக்குள்ள இறங்கணும். 1905ல இருந்து அங்கதான் ஆடுறாங்க. 2023ல பிரீமியர் லீக்குக்கு வந்தப்போ கேமராவுக்கும் லைட்டுக்கும் ஒரு ஸ்டாண்டையே மாத்திக் கட்ட வேண்டி வந்துச்சு, வேலை முடியாம முதல் ஹோம் மேட்சையே, பர்ன்லியோட ஆட வேண்டியதை, தள்ளி வெச்சாங்க. ரெண்டே வருஷத்துல ரெண்டு டிவிஷன் இறங்கி 2025ல மூணாவது டிவிஷனான லீக் ஒன்னுக்குப் போயிட்டாங்க.

இந்த கிரவுண்டுக்கு அவே ஃபேன்ஸோட இன்னொரு பழைய கணக்கும் இருக்கு. 1985ல மில்வால் கப் மேட்ச்ல நடந்த கலவரத்துக்கு அப்புறம் லூட்டன் அவே ஃபேன்ஸையே உள்ள விடமாட்டோம்னு சொல்லி 1986ல இருந்து நாலு சீசன் தடை போட்டாங்க. அவே ஃபேனுக்கு அதை விட மோசமான கிரவுண்ட் எது இருக்க முடியும் சொல்லுங்க.

இங்க போறவங்க சீட் நம்பரைத் தேடி சண்டை போடாதீங்க, தூண் மறைக்காத இடமா பாத்து நின்னுக்கோங்க. கால் நீட்ட இடம் கிடையாது, உயரமான ஆளுங்க ஓரமா நில்லுங்க. காரை அந்தத் தெருக்கள்ல நிறுத்த முயற்சி பண்ணாதீங்க, ஸ்டேஷன்ல இருந்து நடந்தே போயிடலாம். புது ஸ்டேடியம் ஸ்டேஷன் பக்கத்துலயே பவர் கோர்ட்ங்கற இடத்துல வருது, அதனால இந்த வீட்டு வாசலைப் பாக்கணும்னா தள்ளிப் போடாதீங்க.

மில்வால் பத்தி

மில்வாலோட டென் கிரவுண்டுக்குப் போறதுக்குன்னு ஒரு முறை இருக்கு, அதை அப்படியே பண்ணுங்க. லண்டன் பிரிட்ஜ்ல ட்ரெயின் ஏறுங்க, அடுத்த ஸ்டாப் சவுத் பெர்மாண்ட்சி, அங்க இருந்து அவே ஃபேன்ஸுக்குன்னே ஒரு தனி நடைபாதை நேரா நார்த் ஸ்டாண்டுக்குப் போகும், திரும்பவும் அதே வழிதான். குடிக்கறது சாப்பிடறது எல்லாத்தையும் லண்டன் பிரிட்ஜ் பக்கமே முடிச்சுக்கோங்க, கிரவுண்டைச் சுத்தி பப் தேடிப் போகாதீங்க, டீம் ஷர்ட்டை ஜாக்கெட்டுக்குள்ள போட்டுக்கோங்க. அவ்வளவுதான். இப்ப இருக்கற டென் 1993ல கட்டுனது, சீட்ல இருந்து பிட்ச் நல்லாத் தெரியும், கூரை இருக்கு, மழை நனையாது, லண்டன் நடுவுக்கு அஞ்சு நிமிஷம். என் மூணு கேள்விக்கும் பாஸ் மார்க் வாங்கற கிரவுண்ட் இது. தனியா சந்துல அலைஞ்சு அடி வாங்கினவங்க கதையையும் கேட்டிருக்கேன், அதனாலதான் அந்த நடைபாதையை விட்டு விலகாதீங்கன்னு சொல்றேன்.

பகை ரொம்ப முத்தின டெர்பின்னா (பக்கத்துப் பக்கத்து கிளப் மோதற மேட்ச்) போலீஸே உங்க பயணத்தைத் தீர்மானிச்சுடும். கார்டிஃப், ஸ்வான்சி மேட்சுக்குப் பல வருஷம் பபிள்னு ஒரு ஏற்பாடு, அவே ஃபேன் சொந்தமா வரவே முடியாது, கிளப் கோச்ல ஏறி, போலீஸ் வண்டி முன்னாடி பின்னாடி வர, நேரா கிரவுண்ட், முடிஞ்சதும் நேரா வீடு. பக்கத்து ஊர்ல இருக்கறவங்களும் சுத்தி வந்து கோச்லதான் ஏறணும். இந்த மாதிரி மேட்சுக்கு டிக்கெட் எடுக்கறப்போ பயண நிபந்தனையை முழுசாப் படிச்சுடுங்க.

வழியே இல்லாத கிரவுண்ட்ஸ்

என்னைக் கேட்டா நிஜமான மோசம் இங்கதான். விக்கம் வாண்டரர்ஸோட ஆடம்ஸ் பார்க், சுத்தி மலை, மரம், ஃபோட்டோல பாத்தா சொர்க்கம். ஒரு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் ரோட்டோட கடைசில இருக்கு, உள்ள போறதுக்கும் வெளிய வர்றதுக்கும் அந்த ஒரே ரோடு. மேட்ச் முடிஞ்சதும் எல்லாக் காரும் அதுல நிக்கும், நீங்க இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு ரேடியோல மத்த ரிசல்ட் எல்லாம் கேட்டு முடிச்சுடலாம். ஸ்டேஷன் ரெண்டு மைலுக்கு மேல. காரை எஸ்டேட்டோட முன் பக்கம், வெளிய திரும்பற மாதிரி, நிறுத்திட்டு நடந்து போறதுதான் புத்திசாலித்தனம்.

ஃபாரஸ்ட் கிரீன் ரோவர்ஸ் இன்னும் ஒரு படி மேல. நெயில்ஸ்வொர்த்னு ஒரு சின்ன ஊரு, அங்க ரயில்வே ஸ்டேஷனே இல்ல, ஸ்ட்ரவுட்ல இறங்கி பஸ்ஸோ டாக்ஸியோ புடிக்கணும், கிரவுண்ட் மலை உச்சில, செங்குத்தான ரோடு. ஏறி முடிச்சு பசியோட கவுண்டருக்குப் போய் மீட் பை (கறி அடைச்ச பேஸ்ட்ரி) கேட்டா கிடையாது. 2015ல இருந்து அங்க எல்லாமே வீகன். நெறைய பேரு கிண்டல் பண்றாங்க, ஆனா நம்ம வீட்ல சாம்பார் சாதம் சாப்பிட்டு வளந்தவங்களுக்கு இது ஒரு விஷயமா, மத்த கிரவுண்ட்ல அந்த வெந்தும் வேகாத பர்கரை விட இது எவ்வளவோ மேல். 2024ல லீக்கை விட்டு அஞ்சாவது டிவிஷனான நேஷனல் லீக்குக்கு இறங்கிட்டாங்க, அதனால பெரிய கிளப் ஃபேன்ஸுக்கு இப்போதைக்கு அந்த மலை ஏற வேண்டாம்.

ஊருக்கு வெளிய மோட்டார்வே ஓரமா கட்டுன கிரவுண்ட்ஸ் தனி ஜாதி. ரெடிங் ஸ்டேடியம் எம்4 ரோடு பக்கம், ரொம்ப வருஷம் ஷட்டில் பஸ்ஸை நம்பித்தான் இருந்தாங்க, 2023 மே மாசம் ரெடிங் கிரீன் பார்க் ஸ்டேஷன் வந்ததுக்கு அப்புறம் கொஞ்சம் பரவால்ல, நடந்தே போலாம். இந்த ரகத்துல சீட் நல்லா இருக்கும், தூண் இருக்காது, பார்க்கிங் இருக்கும், ஆனா நடந்து போய் உக்கார ஒரு பப் கிடையாது, ஒரு தெரு கிடையாது, வந்தோம் பாத்தோம் போனோம். வெஸ்ட் ஹாம் 2016ல போன லண்டன் ஸ்டேடியமும் எனக்கு அப்படித்தான், ஒலிம்பிக்ஸுக்குக் கட்டுனது, கோலுக்குப் பின்னாடி இருக்கற அவே ஃபேனுக்கும் பிட்சுக்கும் நடுவுல வெறும் இடம். முடிஞ்சதும் ஸ்ட்ராட்ஃபோர்ட் ஸ்டேஷனுக்குப் போற வழியில ஸ்டாப் போர்டு வெச்சுக் கூட்டத்தை நிறுத்தி நிறுத்தி விடுவாங்க, ட்ரெயினைக் கணக்குப் பண்றப்போ அதையும் சேத்துக்கோங்க.

தூரம்னு வந்தா பிளைமத். இங்கிலாந்தோட தென்மேற்கு மூலை, நியூகாசில், சண்டர்லேண்ட் பக்கத்துல இருந்து ஒரு வழிக்கே 400 மைலைத் தொடும், அதுவும் செவ்வாய்க்கிழமை ராத்திரி மேட்சைப் போட்டு வைப்பாங்க. ஆபீஸ்ல ரெண்டு நாள் லீவு சொல்லிட்டுப் போங்க, ஒரு நாள்ல திரும்பி வந்து மறுநாள் வேலைக்குப் போறேன்னு வீராப்பு வேண்டாம், கார் ஓட்டறவங்க தூக்கத்துல கண்ணசந்தா என்ன ஆகும்னு யோசிங்க.

டிவிக்காக மேட்ச் நேரத்தை மாத்தறது இன்னொரு தொல்லை. சனிக்கிழமை மதியம் 3 மணின்னு ஃபிக்ஸ்சர் வரும், நீங்க சீப்பா அட்வான்ஸ் ட்ரெயின் டிக்கெட் எடுப்பீங்க, அப்புறம் திங்கக்கிழமை ராத்திரி 8 மணிக்கு மாத்திடுவாங்க. அட்வான்ஸ் டிக்கெட்டுக்குப் பணம் திரும்பி வராது. டிவி மேட்ச் லிஸ்ட் வெளிய வந்ததுக்கு அப்புறம் எடுங்க, அவசரம்னா ஆஃப் பீக் (நெரிசல் இல்லாத நேரத்துக்கான) டிக்கெட் எடுங்க, காசு கூடனாலும் ரீஃபண்ட் கேக்கலாம்.

மனசுக்குப் பிடிக்காததால மோசம்

மில்டன் கீன்ஸ் ஸ்டேடியம் எம்கே பத்தி சொல்லாம விட முடியாது. 2007ல தொறந்தது, சீட் எல்லாம் மெத்தை, கால் நீட்ட தாராளமா இடம், என் மூணு கேள்வியை வெச்சுப் பாத்தா முதல் மார்க் வாங்கணும். ஆனா விம்பிள்டன் கிளப்பை 2003ல அந்த ஊருக்குத் தூக்கிட்டுப் போய்ப் பேரையும் மாத்திட்டாங்கன்னு கோபத்துல எத்தனையோ கிளப் ஃபேன்ஸ் அங்க போறதே இல்லைன்னு முடிவு பண்ணினாங்க. அந்தக் கோபம் நியாயம்னுதான் நானும் நெனைக்கறேன். போறதா வேண்டாமாங்கறது உங்க இஷ்டம், ஆனா உங்க கிளப் ஃபேன்ஸ் குரூப் பாய்காட் பண்றாங்களான்னு கேட்டுட்டு முடிவெடுங்க, கோச்ல தனியா உக்காந்து போறது நல்லா இருக்காது.

ஐரோப்பா போறீங்கன்னா

சுருக்கமா சொல்றேன். ஐரோப்பிய ஃபுட்பால் அமைப்பான யூயெஃபா நடத்தற போட்டில அவே ஃபேன்ஸுக்கு 5 சதவீதம் ஒதுக்குவாங்க. நெதர்லாந்துல பகை மேட்சுக்கு டிக்கெட்டும் பஸ்ஸும் சேத்தே விப்பாங்க, பஸ் இல்லாம டிக்கெட் கிடையாது. ரோம்ல ஒலிம்பிக்கோ ஸ்டேடியத்துக்கு இங்கிலீஷ் ஃபேன்ஸை வில்லா போர்கீஸி பூங்கா பக்கம் கூடச் சொல்லி போலீஸ் பஸ்ல கூட்டிட்டுப் போவாங்க, கண்டிப்பா அதுல போங்க, கிரவுண்ட் பக்கத்துப் பாலத்துல தனியா நடக்காதீங்க, கத்திக்குத்து நடந்த இடம் அது. முடிஞ்சதும் ஒரு மணி நேரத்துக்கு மேல உள்ளயே நிறுத்தி வைப்பாங்க, அதுக்குள்ள ஃபிளைட் புக் பண்ணிடாதீங்க.

அன்னிக்கு என்னென்ன

பை பெரிசா வேண்டாம், நெறைய கிரவுண்ட்ல ஏ4 பேப்பர் சைஸுக்கு மேல இருந்தா விடமாட்டாங்க. போனை ஃபுல் சார்ஜ் பண்ணுங்க, டர்ன்ஸ்டைல் கிட்ட நெட்வொர்க் செத்துடும், டிக்கெட்டை முன்னாடியே வாலட்ல டவுன்லோட் பண்ணி வெச்சுடுங்க. பீர் வாங்கினா கான்கோர்ஸ்லயே (ஸ்டாண்டுக்குப் பின்னாடி கடை இருக்கற கூடம்) குடிச்சு முடிக்கணும், பிட்ச் தெரியற இடத்துல குடிக்கறது 1985 சட்டப்படி குற்றம், மேட்சுக்குப் போற கோச்லயும் சரக்கு கூடாது. அதனாலதான் ஹாஃப் டைம் பதினஞ்சு நிமிஷத்துல எல்லாரும் ஒரே கவுண்டர்ல இடிச்சுக்கிட்டு நிக்கறது. மீட் பை வேணும்னா 40வது நிமிஷம் எழுந்து போங்க, ஒரு கோல் மிஸ் ஆகலாம், ஆனா சூடா கிடைக்கும். புகைக் குப்பி, பட்டாசு கிட்டயே போகாதீங்க, சந்தோஷத்துல பிட்ச்குள்ள குதிக்கறதும் 1991 சட்டப்படி குற்றம், மேட்சுக்கே போகக்கூடாதுன்னு பேனிங் ஆர்டர் விழுந்தா குறைஞ்சது மூணு வருஷம், இங்கிலாந்து வெளிநாட்ல ஆடுறப்போ பாஸ்போர்ட்டையும் போலீஸ்ல ஒப்படைக்கணும்.

முடிஞ்சதும் உள்ள நிறுத்தி வெச்சாங்கன்னா ஸ்டூவர்ட்கிட்ட கத்திப் பிரயோஜனம் இல்ல, அது போலீஸ் முடிவு. கடைசி ட்ரெயினுக்கு முந்தின ட்ரெயினைத்தான் எப்பவும் குறி வைங்க, அது போனாலும் இன்னொன்னு கையில இருக்கும். ட்ரெயின் லேட்டாகி நட்ட நடு ராத்திரி எங்கயோ நின்னா டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க, பெரும்பாலான கம்பெனிகள்ல 28 நாளுக்குள்ள டிலே ரீபே (லேட்டானதுக்கு நஷ்ட ஈடு) கேட்டு அப்ளை பண்ணலாம், அந்தக் காசு அடுத்த அவே டிக்கெட்டுக்கு ஆகும்.